மதியம் தாண்டினால் திரையைப் பார்க்க முடியவில்லை, பரிசோதனையில் 6/6 என்கிறார்கள். என்னதான் செய்வது?

பின்னிரவு:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. வேலை முழுக்கக் கணினியில்தான். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருப்பது அபூர்வம், பாதி நேரம் எக்செல், பாதி நேரம் நிரல், நடுநடுவே ஃபோன். எதிரே ஒரு 27 அங்குல மானிட்டர், பக்கத்தில் கொஞ்சம் தாழ்வாக லேப்டாப். இதுவரை கண்ணாடி போட்டதில்லை.

காலையில் ஒரு தொந்தரவும் கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவாக ஆரம்பிக்கும். முதலில் லேசான உறுத்தல், அப்புறம் எரிச்சல், கசக்காமல் இருக்க முடியாது, கசக்கினால் சிவந்துவிடும். மாலை நெருங்கும்போது எக்செல் கட்டங்களில் 3 எது 8 எது என்று தெரியாமல் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. திரையிலிருந்து தலையைத் தூக்கி எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் முள் கலங்கலாகத் தெரிந்து, இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் தெளிகிறது. கூடவே புருவத்துக்கு மேலே ஒரு கனமான வலி, படுக்கும் வரை விடாது.

என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். கண் பரிசோதனைக்குப் போனேன், தூரத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தேன், "6/6, ஒன்றுமில்லை, கணினியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கணினியைக் குறைத்தால் சம்பளத்தையும் குறைத்துவிடுவார்களே! பவர் இல்லாத ப்ளூ கட் கண்ணாடி ஒன்று வாங்கினேன், எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது, அவ்வளவுதான் பலன். எல்லாச் செயலியையும் டார்க் மோடுக்கு மாற்றினேன், வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதில் இன்னும் மோசம். சிவப்பு போவதற்கென்று ஒரு சொட்டு மருந்து, விட்டால் ஒரு மணி நேரம் கண் வெள்ளைவெளேர் என்று இருக்கும், அப்புறம் முன்னைவிடச் சிவப்பு. 20-20-20 விதியெல்லாம் தெரியும். அலாரம் வைத்தேன், அலாரத்தை அணைக்கத்தான் கை பழகியது.

மானிட்டரை மாற்ற வேண்டுமா, கண்ணாடி போட வேண்டுமா, வேறு சொட்டு மருந்தா, இல்லை இந்த வேலைக்கு வந்தால் இப்படித்தானா? கை வைத்தால் முதலில் எதில் வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.


கண்ணாடிமேசை:

நான் கண் பவர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிக் கோளாறு கலந்து கிடக்கிறது. உறுத்தல், எரிச்சல், சிவப்பு மூன்றும் கண்ணின் மேற்பரப்பில் நடப்பவை. கடிகார முள் தெளிய நேரமாவதும் புருவ வலியும் ஃபோகஸ் சம்பந்தப்பட்டவை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைத் தொடாது, அதனால்தான் எதைச் செய்தாலும் பலன் தெரியாத மாதிரி இருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. எழுத்து மங்க ஆரம்பிக்கும் நேரத்தில், திரையை நகர்த்தாமல், நாலைந்து முறை நன்றாக இமையை மூடித் திறந்து பாருங்கள். சட்டென்று தெளிந்து சில விநாடியில் மறுபடி மங்கினால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் கலைகிறது என்று அர்த்தம். எத்தனை முறை இமைத்தாலும் தெளியாமல், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் தெளிந்தால் ஃபோகஸ். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், உங்கள் வயதில் அது சகஜம். அப்புறம் ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பத்தி படியுங்கள். அப்படிப் படிக்கும்போது அப்பாடா என்று இருந்தால், இரண்டு கண்ணையும் ஒரே இடத்துக்குக் குவிப்பதில் தகராறு இருக்கலாம், அதற்கு வேறு பரிசோதனை.

இப்போது அந்த 6/6 விஷயத்துக்கு வருகிறேன். அது 6 மீட்டர் தொலைவில் நீங்கள் எவ்வளவு சிறிய எழுத்தைப் படிக்கிறீர்கள் என்பது மட்டும்தான். 60 சென்டிமீட்டரில் பத்து மணி நேரம் வேலை செய்பவரின் கண்ணைப் பற்றி அது அதிகம் சொல்லாது. கண்ணுக்குள் ஒரு லென்ஸ், அதைச் சுற்றி ஒரு வளையத் தசை. கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கி லென்ஸ் உப்பும். எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை டயாப்டரில் சொல்வோம், 1ஐ மீட்டரில் உள்ள தொலைவால் வகுத்தால் வரும். 60 செ.மீ.யில் திரை என்றால் சுமார் 1.7. ஃபோனை 40 செ.மீ.யில் பிடித்தால் 2.5, இன்னும் நெருக்கி 25க்குக் கொண்டுவந்தால் 4. பத்து வயதுப் பிள்ளையிடம் 12க்கு மேல் கையிருப்பு இருக்கும். 40 வயதில் 5ஐ ஒட்டி வந்துவிடும், அதிலும் பாதியைத்தான் நாள் முழுக்க நோகாமல் செலவழிக்க முடியும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொஞ்சம் பிளஸ் பவர் ஒளிந்திருக்கும் கண், இளவயதில் அந்தத் தசையை வைத்தே அதைச் சமாளித்துவிடும். பலகையைக் கடைசி வரி வரை படிக்கும், "கண்ணாடியே போட்டதில்லை" என்று பெருமைப்படும். 0.75 ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், திரைக்கு 1.7 போதாது, 2.4 செலவாகிறது. 5இல் பாதி அத்தோடு தீர்ந்தது. ஃபோனை எடுத்தால் கடன்தான். இறுகிய தசை உடனே தளராததால்தான் கடிகாரம் தெளிய அந்த இரண்டு மூன்று விநாடி.

மறுபடி பரிசோதனைக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே அளந்துகொண்டு போய் அந்தத் தூரத்துக்குப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு ஒளிந்திருக்கும் பவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள் (விட்டால் பல மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் வெளிச்சம் கூசியும் இருக்கும், அன்று வண்டி ஓட்ட வேண்டாம்). சின்ன சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத குறைக்குப் போடுவது) இருந்தாலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். டார்க் மோடில் எழுத்தைச் சுற்றி ஒளி கசிகிறது என்றீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம்.


சும்மாஇரு:

இவ்வளவு தேவையே இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள், ராத்திரி ஃபோனைத் தள்ளி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். கண் டாக்டர், கண்ணாடி, புது மானிட்டர் என்று ஆரம்பித்தால் பர்ஸ்தான் காலியாகும்.


பிக்சல்பித்தன்:

@சும்மாஇரு, 20-20-20 கெட்ட யோசனை இல்லை, ஆனால் அந்த எண்ணில் மந்திரம் ஒன்றும் கிடையாது. ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்க ஆப்டோமெட்ரிஸ்ட், சனங்களுக்கு மறக்காமல் இருக்கட்டும் என்று 90களில் சொல்லிவைத்தது. கண்ணில் பவர் ஒளிந்திருப்பவர் எவ்வளவு தூரம் வெறித்துப் பார்த்தாலும் திரும்பி வந்து அதே திரையைத்தான் அதே பவரோடு பார்க்க வேண்டும்.

@பின்னிரவு, அலாரம் எரிச்சல்தான் தரும். அதற்குப் பதிலாக, வேலையிலேயே வரும் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிரல் கம்பைல் ஆகும்போது, கோப்பு சேமிக்கும்போது, ஃபோனில் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை. நம்மில் பலர் கம்பைல் ஆகும் நேரத்தில் ஃபோனைத்தான் எடுக்கிறோம், அது ஓய்வே இல்லை, 60 செ.மீ.யிலிருந்து 30க்கு வருகிறோம்.

என் பாடம் கண் அல்ல, திரை. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

மானிட்டரை மாற்றும் முன் அது மினுக்குகிறதா என்று பாருங்கள். பல திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கை மங்கலாக்குவதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. பிடபிள்யூஎம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு இதனாலேயே தலைவலி வரும், பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. சோதிப்பது எளிது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபோன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஷட்டரை 1/1000 அளவுக்கு வேகமாக்கித் திரையைப் பாருங்கள். முழு பிரைட்னெஸ்ஸில் படம் சுத்தமாக இருக்கும். பிரைட்னெஸ்ஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓட ஆரம்பித்தால் உங்கள் திரை அந்த ரகம். அப்படியானால் பட்டை வராத அளவு பிரைட்னெஸ்ஸை ஏற்றி வைத்து, கண் கூசாமல் இருக்க மானிட்டரில் கான்ட்ராஸ்ட்டையோ கணினியில் கிராபிக்ஸ் அமைப்பையோ குறைத்துப் பாருங்கள், நிறம் கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை. ஓஎல்ஈடி திரை வைத்த ஃபோன்களில் இந்த மினுக்கல் சர்வசாதாரணம். பட்டையே வரவில்லையா, மானிட்டர் மீது பழி போடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

வெளிச்சத்துக்கு இன்னொரு சோதனை. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு திரையிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். திரை விளக்கைப் போலத் தெரிந்தால் அதிகம், தாளைவிட அழுக்காகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் ஒரே பிரைட்னெஸ் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன விளக்கு போதும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், திரைக்குப் பின்னால் இருந்தால் கண்ணில் அடிக்கும், பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையைத் திருப்புங்கள்.

டார்க் மோடு எல்லாருக்கும் நல்லது என்பது புரளி. வெளிச்சப் பின்னணியில் கண் பாப்பா (நடுவில் இருக்கும் கறுப்புத் துளை) சுருங்குகிறது, சுருங்கினால் எழுத்து கூர்மையாகத் தெரியும். இருட்டுப் பின்னணியில் பாப்பா விரிகிறது, கண்ணில் இருக்கும் சின்னச் சின்ன வளைவுக் குறையெல்லாம் அப்போதுதான் வெளியே தெரியும். உங்களுக்கு ஒளி கசிவது இதனால்தான் இருக்க வேண்டும், கண்ணாடிமேசை சொன்ன சிலிண்டர் சந்தேகமும் அதோடு பொருந்துகிறது. வெளிர் சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்துப் பாருங்கள்.

ப்ளூ கட் பற்றி ஒரே வார்த்தை: கோக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, கணினி வேலையில் கண் களைப்புக்கு சாதாரணக் கண்ணாடியைவிட அது மேல் என்று அநேகமாகச் சொல்ல முடியாது என்றுதான் முடிவு வந்தது. திரையிலிருந்து வரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். தூங்கும் நேரத்துக்கு முன் பிரகாசமான திரை தூக்கத்தைத் தள்ளிப்போடுவது வேறு கதை.


ஈரஇமை:

பின்னிரவு, அந்தச் சிவப்பு போக்கும் சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். நாபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் மாதிரியான மருந்துகள் கண்ணின் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வெள்ளையாக்குகின்றன. மருந்து தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட அகலமாக விரிகின்றன, அதைப் பார்த்து மறுபடி விடுகிறோம். வறட்சியை அது தொடுவதே இல்லை.

எனக்கு வறட்சிதான் பிரச்சினை, பல வருடமாக. தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் இங்கே குறைவது பெரும்பாலும் தண்ணீர் இல்லை, எண்ணெய். கண்ணீர்ப் படலத்தில் கீழே வழவழப்பான சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீரை ஆவியாகாமல் காக்கிறது. அது இமை விளிம்பில், ரோமம் முளைக்கும் வரிசைக்கு உள்பக்கமாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது, மேல் இமையில் சுமார் 30, கீழே 20க்கு மேல். ஒவ்வொரு முறை இமை முழுதாக மூடி அழுந்தும்போதும் கொஞ்சம் வெளியே வரும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, இமைத்தாலும் பாதி வழியில் திரும்பிவிடுகிறது. மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. அழுத்தம் இல்லாமல் எண்ணெய் உள்ளேயே தேங்கி கெட்டியாகிவிடும்.

கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, டாக்டர் என் கீழ் இமை விளிம்பை ஒரு பஞ்சுக் குச்சியால் அழுத்தி, அதைப் பக்கத்துத் திரையில் காட்டினார். தெளிந்த எண்ணெயாக வர வேண்டியது பற்பசை மாதிரி வெள்ளையாக, நூல் நூலாக வந்தது. சில வாயில் ஒன்றுமே வரவில்லை.

அதற்கு நான் செய்வது வெந்நீர் ஒத்தடம். துணியை நனைத்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், ஆறின துணியால் பயனில்லை. எண்ணெய் உருக 40 டிகிரியை ஒட்டிய சூடு ஒரு பத்து நிமிடம் இமையில் நிற்க வேண்டும். அதனால் இரண்டு துணி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வைக்க வேண்டும், அல்லது சூடாக்கும் கண் பட்டை கிடைக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவிவிட வேண்டும். கண்மணியை அழுத்தக் கூடாது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, வாரக் கணக்கில் செய்தால் தெரியும், விட்டால் திரும்பி வரும். சலிப்பான வேலைதான்.

சொட்டு மருந்து என்றால் செயற்கைக் கண்ணீர், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது ஹையலுரோனேட் இருப்பது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தி (மருந்து கெடாமல் இருக்கக் கலக்கும் பொருள்) சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி அடிக்கடி பட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைக் கெடுக்கும், அதுவும் எரிச்சலாகத்தான் தெரியும்.

மீன் எண்ணெய் மாத்திரை என்று யாராவது சொல்வார்கள். 2018இல் வந்த ட்ரீம் ஆய்வில் ஒரு கூட்டத்துக்கு மீன் எண்ணெயும் இன்னொரு கூட்டத்துக்கு ஆலிவ் எண்ணெயும் ஒரு வருடம் கொடுத்தார்கள், இரண்டு கூட்டத்துக்கும் வறட்சித் தொந்தரவு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது.

காற்றை மறந்துவிட்டேன். ஏசிக் காற்றோ மேசை ஃபேனோ நேராக முகத்தில் அடிக்கிறதா? அதைத் திருப்புவதற்குச் செலவே இல்லை.


பின்னிரவு:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி.

முதலில் சோதனைகள். இமைத்தால் தெளிகிறது, தெளிந்த கையோடு மங்குகிறது. நாற்காலியைத் தள்ளினாலும் தெளிகிறது. ஒரு கண்ணை மூடினால் வித்தியாசம் இல்லை. மானிட்டரில் பட்டை வரவில்லை, லேப்டாப்பில் பாதிக்குக் கீழே பிரைட்னெஸ் போனதும் வரிசையாக ஓடுகிறது! தாள் சோதனையில் என் திரை டியூப் லைட்டுக்குப் போட்டியாக இருந்தது, குறைத்துவிட்டேன். ஏசி சரியாகத் தலைக்கு நேராகத்தான் இருக்கிறது.

வேறொரு இடத்தில் மறுபடி பரிசோதனை செய்துகொண்டேன், திரையின் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போனேன் (அந்தத் தாளைப் பார்த்து அங்கிருந்தவர் சிரித்தார், ஆனால் அந்தத் தூரத்துக்குத்தான் பார்த்தார்). மருந்து விட்டுப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் பிளஸ் 0.75, இடது கண்ணில் சிலிண்டர் 0.50. மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்துக் கண்ணீர்ப் படலம் 4 விநாடியில் கலைகிறது என்றார்கள், 10ஐத் தாண்ட வேண்டுமாம்.

இப்போது புதுக் குழப்பம். கண்ணாடிக் கடையில் "வயது 40 தாண்டிவிட்டது, புரோக்ரெசிவ் போட்டுக்கொள்ளுங்கள், தூரம், கணினி, ஃபோன் எல்லாம் ஒன்றிலேயே ஆகிவிடும்" என்கிறார்கள். வீட்டில் ஒருவர் கண் பயிற்சி செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்று வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எதைக் கேட்பது?


கண்ணாடிமேசை:

எண்கள் நினைத்த மாதிரியே வந்திருக்கின்றன.

புரோக்ரெசிவ் மோசமான கண்ணாடி இல்லை, நாள் முழுக்க நடமாடுபவருக்கு அருமையானது. ஆனால் அதில் மேல் பாகம் தூரத்துக்கு, அடிப்பாகம் படிப்பதற்கு, நடுவில் கணினித் தூரத்துக்கு இருப்பது ஒரு குறுகிய பாதை. 27 அங்குலத் திரையின் ஓரத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் மங்கும், தலையைத் திருப்ப வேண்டும். இன்னொன்று, அந்தப் பாதை கண்ணுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே இருப்பதால், உயரத்தில் இருக்கும் திரையைப் படிக்க மோவாயைத் தூக்கியபடியே உட்காருவீர்கள். கண் வலி போய்க் கழுத்து வலி வந்து சேரும். அப்படி வந்தவர்கள் என்னிடம் நிறைய.

உங்கள் கணக்குக்கு, கணினிக்கென்று ஒரே பவர் கண்ணாடி போதும் என்பது என் அபிப்பிராயம். ஒளிந்திருந்த பிளஸ், சிலிண்டர், திரையின் தூரத்துக்கு ஒரு சின்னக் கூடுதல், எல்லாம் சேர்த்து. எவ்வளவு கூடுதல் என்பதை உங்களைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும், சோதனைச் சட்டத்தில் போட்டுக்கொண்டு உங்கள் தூரத்தில் ஒரு கால் மணி நேரமாவது ஃபோனையோ தாளையோ படித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். எழுந்து நடக்கும்போது தூரம் லேசாக மங்கும், கழற்றி மேசையில் வையுங்கள். போட்ட முதல் சில நாள் தசை பழைய பழக்கத்தில் இறுக்கிக்கொண்டே இருக்கும், சரிப்படவில்லை என்று உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். இன்னும் சில வருடத்தில் வெள்ளெழுத்து கூடும், ஃபோனுக்கும் பவர் கேட்கும். அப்போது அலுவலக வேலைக்கென்றே செய்யும் புரோக்ரெசிவ் வகை உண்டு, அதில் கணினிப் பாகம் அகலமாக இருக்கும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் மேல் இமையும் தாழும், காற்றில் திறந்து கிடக்கும் பரப்பு குறையும், வறட்சிக்கும் அது நல்லது. தூரம் கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு. லேப்டாப்பை மானிட்டரின் தூரத்துக்கே நகர்த்துங்கள், இரண்டுக்கும் வேறு வேறு தூரம் என்றால் ஒரு கண்ணாடியில் சமாளிப்பது கஷ்டம்.

பயிற்சி: கண்ணைக் குவிப்பதில் பலவீனம் உள்ளவர்களுக்கு அதற்கென்று பயிற்சி இருக்கிறது, பலனும் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கோளாறு இருக்கிற மாதிரித் தெரியவில்லை. கண்ணை வட்டமாகச் சுற்றுவதால் பிளஸ் பவரோ சிலிண்டரோ போகாது. உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். வீடியோ அனுப்புகிறவரோடு சண்டை போட வேண்டாம்.


பழையபுரூஃப்:

தம்பி, நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய காலத்திலிருந்து எழுத்தைப் பார்த்தே பிழைத்தவன். இவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்குங்கள்! நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து மெல்ல மெல்லப் பின்னால் போய் எந்தத் தூரத்தில் எழுத்தைப் படிக்க முடியாமல் போகிறது என்று பாருங்கள். அது நீங்கள் உட்காரும் தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்க எல்லையில் நின்று படிக்கிறீர்கள் என்று அர்த்தம். எக்செல்லை 130 சதவீதத்துக்கு ஏற்றினால் வலது பக்கம் நாலு பத்தி மறையும், மறையட்டும். இளைஞர்கள் ஒரே திரையில் எல்லாம் தெரிய வேண்டும் என்று எறும்பு ஊர்கிற எழுத்தில் வேலை செய்கிறார்கள், அப்புறம் கழுத்தை நீட்டிக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விடுகிறார்கள்.

எண்களைச் சரிபார்க்கிற வேலையாக இருந்தால் வரி விட்டு வரி லேசாக நிறம் போடுங்கள். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெளிவாக இருக்கும் எழுத்துருவுக்கு மாறுங்கள். நீளமான அறிக்கை என்றால் அச்செடுத்துப் படியுங்கள், காகிதத்தில் பிழை கண்ணில் படும் என்பது என் அனுபவம், யாரும் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். சிவப்புக்கும் அரிப்புக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் எழுதாமல் வாங்கி மாதக் கணக்கில் விடுகிறவர்கள் உண்டு. சுகமாகத்தான் இருக்கும். உள்ளே கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பி வராது. அப்புறம், திடீரென்று பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுகிற மாதிரித் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, கண் வலியோடு வாந்தி வந்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, அது கணினிக் களைப்பு இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.


சும்மாஇரு:

சரி, கண்ணாடி வாங்கட்டும். ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கிவிடாதீர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.


நுனிக்கிளை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, ஆனால் நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். லென்ஸ் மேலேயே செயற்கைக் கண்ணீர் விடலாமா? மதியத்துக்கு மேல் லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அலர்ஜிக்கு மாத்திரை வேறு தினமும் எடுக்கிறேன்.


ஈரஇமை:

பதப்படுத்தி உள்ள மருந்தை மென்மையான லென்ஸ் மேல் விடக் கூடாது, லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கண்ணுக்கு நாள் முழுக்கக் கொடுக்கும். கழற்றிவிட்டு விடுங்கள், 15 நிமிடம் கழித்துப் போடுங்கள். இல்லையென்றால் லென்ஸோடு விடலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும் வகையை வாங்குங்கள். அலர்ஜி மாத்திரைகள் பல கண்ணீரையும் வற்ற வைக்கும், நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொட்டு மருந்தாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கணினி நாட்களில் பாதி நேரமாவது லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட லென்ஸைக் காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள், முதலில் லென்ஸுக்கான சொட்டு விட்டு, நன்றாக இமைத்து, அது நகர ஆரம்பித்த பிறகு எடுங்கள். கழற்றியும் வலியோ சிவப்போ வெளிச்சக் கூச்சமோ விடவில்லை என்றால் மறுபடி லென்ஸ் போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.